சின்னக் கீறலுக்குத் தனிக் காப்பீடு தேவையா?

கேள்வி: புது கார் வாங்கும்போது, சின்னக் கீறல், ஒடுக்கு எல்லாம் சரிசெய்து தர ஒரு தனிக் காப்பீட்டுத் திட்டம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 3 வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டுமாம். எடுக்கலாமா?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்தத் திட்டங்கள் எதையெல்லாம் ஏற்காது என்ற பட்டியலை முதலில் வாங்கிப் படியுங்கள், ஏனென்றால் பல திட்டங்களில் கீறல் 30 செ.மீ. நீளத்துக்குள், 3 மி.மீ. ஆழத்துக்குள் இருந்தால்தான் செல்லும், துருப்பிடித்த இடம், விரிசல் விட்ட பம்பர், கண்ணாடி, விளக்கு இதெல்லாம் பெரும்பாலும் சேராது, அலாய் சக்கரத்துக்குப் பல இடங்களில் தனித் திட்டம். கீறல் விழுந்து இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வருடத்துக்கு இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடுகளும் உண்டு. ஒரு பேனலில் (கதவு, பானட் போன்ற தனித் தகடு) தொடங்கிப் பக்கத்து பேனல் வரை நீண்ட கீறலை மறுத்துவிடக்கூடும்.

அப்புறம், நகத்தால் கீறலைத் தடவிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் அது மேல்பூச்சோடு நின்றிருக்கும், பாலிஷ் போட்டாலே பெரும்பாலும் போய்விடும். பெயின்ட் உரியாத ஒடுக்கைப் பெயின்ட் அடிக்காமலே உள்ளிருந்து தள்ளி நிமிர்த்துகிறார்கள். இதற்கெல்லாம் எவ்வளவு ஆகும் என்று ஒரு பட்டறையில் கேட்டு, கட்டச் சொல்லும் தொகையோடு ஒப்பிடுங்கள்.

ஒரு நன்மை உண்மை: இதில் கோரினால் முதன்மைக் காப்பீட்டின் கோரிக்கையில்லா போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பொதுவாகக் குறையாது. தினமும் நெருக்கமான தெருவில் நிறுத்துகிறீர்கள், அல்லது குத்தகைக் கார், திருப்பித் தரும்போது கீறலுக்குப் பணம் பிடிப்பார்கள் என்றால் யோசிக்கலாம். ஆனால் தயவுசெய்து இந்தத் தொகையைக் கார் கடனோடு சேர்த்துவிடாதீர்கள், அதற்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.