இதய மாத்திரையை நிறுத்தலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 58. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் பத்து மாதங்களாக அமியோடரோன் 200 மி.கி. எடுத்து வருகிறேன். சென்ற வாரம் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 19 என்று வந்தது. தைராக்ஸின் 25 எழுதித் தந்தார்கள். ஓயாத அசதி, மலச்சிக்கல், குரல் கம்மல். இதய மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். இதே இரு மாத்திரைகளை நீங்களும் சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். நிறுத்தலாமா?

வாசகி, கும்பகோணம்

அன்புள்ள அம்மா,

நீங்களாக நிறுத்தாதீர்கள். இதே எண்ணத்தோடு ஒரு மாதம் தவித்தவன் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமியோடரோனின் எடையில் 37 சதவீதம் அயோடின். உங்கள் மாத்திரையிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் அயோடின் உடலில் பிரிகிறது. பெரியவர் ஒருவருக்குத் தேவையோ 150 மைக்ரோகிராம்தான். இதனால் சிலருக்குத் தைராய்டு சுரப்பு குறைகிறது, சிலருக்கு மிகுகிறது. உங்களுக்குக் குறைந்திருக்கிறது; டி.எஸ்.எச். ஏறியிருப்பது அதைத்தான் காட்டுகிறது. மருந்து கொழுப்புத் திசுக்களில் தங்கிவிடுவதால், நிறுத்திய பின்னும் உடலைவிட்டு நீங்க மாதக்கணக்காகும். ஆகவே அசதி அடுத்த வாரமே போய்விடாது, அடங்கியிருந்த படபடப்பு மட்டும் திரும்பக்கூடும். குறைந்த சுரப்பைத் தைராக்ஸினால் ஈடுகட்டி, இதய மாத்திரையைத் தொடர்வதே பெரும்பாலும் வழக்கம். மாற்று மருந்து பொருந்துமா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். உங்கள் அசதி சோம்பல் அன்று என்பதையும் வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

25 மைக்ரோகிராம் போதுமா என்று கலங்க வேண்டாம். தைராக்ஸின் மிகுந்தால் அதுவே துடிப்பைக் குலைக்கும் என்பதால், இதய நோயாளிகளுக்குச் சிறிய அளவில் தொடங்கி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்து, மெல்ல ஏற்றுவார்கள்.

நான் செய்த பிழை ஒன்று உண்டு. தைராக்ஸின் மாத்திரையை விழுங்கிய கையோடு டிகிரி காபி குடித்துவந்தேன். மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாமல், அளவை இருமுறை கூட்டிய பிறகுதான், எதோடு விழுங்குகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். இப்போது ஐந்தரை மணிக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, ஆறரைக்குக் காபி, கால்சியம் மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

இதயத்துக்கும் தைராய்டுக்கும் பார்க்கும் இரு மருத்துவரின் சீட்டுகளையும் ஒரே உறையில் வைத்து, இருவரிடமும் காட்டுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவரானால் இது மிக முக்கியம். அமியோடரோனும் தைராய்டு மாற்றமும் அதன் வீரியத்தை மாற்றிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வறட்டு இருமலோ மூச்சுவாங்கலோ புதிதாக வந்தால், அதுவும் தைராய்டால்தான் என்று இருந்துவிடாதீர்கள். இம்மருந்து நுரையீரலையும் பாதிக்கக்கூடும், அன்றே இதய மருத்துவரிடம் செல்லுங்கள்.