கோத்தகிரி பக்கம் 70 பேர் கூடும் பெந்தெகொஸ்தே சபையில் ஆராதனைக் குழு தொடங்க முதலில் என்ன வாங்க வேண்டும், எப்படிப் பழக வேண்டும்?

வீட்டு ஜெபக்கூட்டமாகத் தொடங்கி இப்போது தகரக் கூரை ஹாலில் 70 பேர், ஒரு கீபோர்ட், கிதார் வாசிக்கிற ஒரு தம்பி, பாட மூன்று சகோதரிகள், கையில் கொஞ்சம் காணிக்கைப் பணம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பெரிய ஸ்பீக்கர் வாங்கலாமா என்பதுதான் உங்கள் யோசனை. இப்போது வேண்டாம். முதல் பணம் கூரைக்கடியில் போகட்டும்.

கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை அதிகம். ஐப்பசியில் தகரத்தில் மழை அடித்தால் பிரசங்கமும் கேட்காது, பாட்டும் கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் அது தகரத்திலும் சிமெண்ட் தரையிலும் மோதித் திரும்பி மைக்கிலேயே நுழைந்து ஊளையிடும். ஒழுகும் ஆணித் துளைகளை முதலில் அடைத்துவிட்டு, தகரத்துக்குக் கீழே அரை அடி இடைவெளி விட்டு சிமெண்ட் ஃபைபர் போர்டு சீலிங் போடுங்கள். மேலே கிளாஸ்வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) விரியுங்கள். மலை ஈரத்துக்கு ஜிப்சம் தொய்ந்துவிடும். தெர்மோகோல் மலிவுதான், ஆனால் எடை இல்லாததால் சத்தத்தைத் தடுக்காது, தீயும் எளிதில் பிடிக்கும். பின்சுவரில் கனமான திரைச்சீலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் எதிரொலி கொஞ்சம் அடங்கும்.

இனி பாட்டு. யூடியூபில் கேட்ட ஸ்கேலிலேயே (சுதியிலேயே) பாடுவதுதான் சபை வாய் திறக்காமல் போவதற்கு முதல் காரணம். பதிவில் பாடுகிறவர் பயிற்சி உள்ளவர். வாரம் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு ஞாயிறு காலைக் குளிரில் வந்து நிற்கிற அம்மாக்களுக்கு அந்த உயரம் எட்டாது. பாட்டின் மிக உயர்ந்த சுரம் எது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சரணத்தில்தான் இருக்கும். அது டி (D) சுரத்தைத் தாண்டக்கூடாது. ஜி மைனரில் இருக்கிற பாட்டு எஃப் வரை ஏறினால், இ மைனருக்கு இறக்குங்கள். உச்சம் டி-யில் நின்றுவிடும். முதல் பாட்டை மட்டும் இன்னும் அரைச் சுரம் குறைத்தே எடுக்கலாம், தொண்டை சூடாக நேரம் வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. கீபோர்ட் வாசிப்பவர், ஸ்கேலை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை மைனஸ் மூன்றில் வைத்து ஒரு பாட்டை முடித்துவிட்டு, ஜீரோவுக்குக் கொண்டுவர மறந்து அடுத்த பாட்டைத் தொடங்குவார். கிதார் ஒரு பக்கம், கீபோர்ட் ஒரு பக்கம் போகும். பாடுகிறவர்கள் நடுவில் தவிப்பார்கள். பாட்டு வரிசை எழுதும் தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே ஸ்கேல், டிரான்ஸ்போஸ் எண், டெம்போ (வேகம்) மூன்றையும் எழுதி கீபோர்டிலேயே ஒட்டிவிடுங்கள்.

மாதத்துக்கு இரண்டு புதுப்பாட்டு போதும். ஒன்றை அறிமுகப்படுத்தினால் தொடர்ந்து மூன்று ஞாயிறு பாடுங்கள். திரையில் வரி போட்டாலும், எழுத்து வாசிக்க முடியாத மூத்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக அடி எடுத்துக் கொடுப்பதை விட்டுவிடாதீர்கள்: அடுத்த அடியின் முதல் இரண்டு வார்த்தையை, முந்தின அடி முடியும் மூச்சில் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் உங்கள் சபையில் இருந்தால், அந்தப் பெரியவர்களிடம் பழைய கோரஸ்களைக் கேட்டு வாங்குங்கள். சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் அங்கே 1924-இல் தொடங்கியது; தாத்தா காலத்திலிருந்தே கைதட்டிப் பாடிய குடும்பங்கள் இருக்கக்கூடும். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பின்னணியில் இருந்து வந்தவர்களுக்குக் கீர்த்தனை தெரியும், வாரம் ஒன்று பாடுங்கள். தெரிந்த பாட்டில்தான் சபை முழுக்குரலில் பாடும்.

பாட்டு ஓய்ந்து எல்லாரும் சத்தமாகத் துதிக்கும் நேரம் குழுவுக்குக் கடினமானது. அப்போது ரிதம் நிற்க வேண்டும். கீபோர்ட் மட்டும் நீண்டு மென்மையாக ஒலிக்கும் பேட் (pad) ஒலியில் அதே ஸ்கேலின் இரண்டு கார்டை (chord) மெதுவாக மாற்றிக்கொண்டு இருக்கட்டும். ராகம் வாசித்துக் காட்ட வேண்டாம். பாடலை நடத்துபவர் கையால் சைகை தர வேண்டும்: ஒரு விரல் என்றால் பல்லவி, இரண்டு என்றால் சரணம், மூடிய கை என்றால் முடிப்பு. சனிக்கிழமை பயிற்சியில் இதையும் பழகுங்கள்.

அந்தப் பயிற்சியை மாலை 4 மணிக்கு வைத்து 6-க்குள் முடித்துவிடுங்கள். கடைசி பஸ், பனிமூட்டம், தோட்டப் பாதையில் காட்டெருமை எல்லாம் யோசிக்க வேண்டும், அதுவும் சகோதரிகள் வருகிற குழுவில். முதல் இருபது நிமிடம் எந்தக் கருவியும் இல்லாமல் பாடுங்கள்.

கிதாரை ஆராதனைக்கு அரைமணி முன்பே ஹாலுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும். குளிரில் சுதி சேர்த்த கம்பி, ஹாலில் 70 பேர் கூடிச் சூடானதும் விரிந்து இறங்கிவிடும். கீபோர்டின் சுதி மட்டும் மாறாமல் நிற்கும். மூன்றாம் பாட்டில் ஏதோ உறுத்துகிறதே என்றால் காரணம் இதுதான். இரண்டாம் பாட்டு முடிந்து ஜெபிக்கும்போது சத்தமில்லாமல் கிளிப் டியூனரில் சரிபார்க்கலாம். டோலக்கின் தோல் பனியில் தளரும், செயற்கைத் தோல் போட்டது வாங்குங்கள். கீபோர்ட் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள்.

சீலிங் முடிந்த பிறகு 12 அங்குல பவர்ட் ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருப்பது) இரண்டு, 8 சேனல் மிக்சர் ஒன்று, ஒயர் மைக் மூன்று போதும். ஸ்பீக்கரை மைக்குகளுக்கு முன்னால் தலை உயரத்துக்கு மேல் வைத்துக் கொஞ்சம் கீழே சாயுங்கள். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஊளை வருவதற்கு முன் கிடைக்கும் சத்தம் 3 டெசிபல் குறையும். பாடாதவர் மைக்கை மூடிவிடுங்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக்கூடாது, வாயிலிருந்து இரண்டு விரற்கடை தூரம் போதும். எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் போர்டிலிருந்து, ஸ்டெபிலைசர் வழியாகக் கரண்ட் எடுத்தால் இரைச்சல் குறையும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

அக்கம்பக்கத்தாரை மறக்காதீர்கள். குளிர்ந்த இரவில் பள்ளத்தாக்கில் தேங்கும் குளிர்காற்று ஒலியைக் கீழே வளைப்பதால் எதிர் மலை வரை கேட்கும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் சென்னையின் ஒரு பெந்தெகொஸ்தே சபை வழக்கிலேயே, பிறர் அமைதியைக் குலைத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. முழு இரவு ஜெபத்தில் பத்து மணிக்கு ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். 70 பேரின் குரல் அந்த ஹாலுக்குத் தாராளம்.

பிறர் பாட்டை ஆராதனையில் பாடுவதற்குக் காப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. அதைப் பதிவுசெய்து யூடியூபில் போடுவது வேறு விஷயம், உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சபை வளர வளர, தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் நடக்கும் வாரநாள் ஜெபக்கூட்டங்களுக்கும் பாட்டு எடுக்க ஆள் வேண்டும். அதனால் மூன்று சகோதரிகளும் ஆளுக்கொருவரை இப்போதே பக்கத்தில் நிறுத்திப் பழக்கட்டும். கையில் ஒரு டேம்பரின், ஸ்கேல் பார்க்க போனில் ஒரு பியானோ ஆப், மனப்பாடமாக இருபது பாட்டு. ஒரு வீட்டு ஜெபத்துக்கு இவ்வளவு இருந்தால் போதும்.