மார்கழியில் ஒருமுறை நிலாவெளிக்குப் போய்ப் பாருங்கள்

கேள்வி: திருகோணமலை நகரில் மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இரண்டு என் பெயரில். ஒன்று மனைவிக்குச் சீதனமாக வந்தது. மூன்றும் சேர்ந்து மாதம் 115,000 ரூபா தருகின்றன. குடியிருப்பவர்களை அடிக்கடி மாற்றி வாடகையை உயர்த்தி வருகிறேன். இப்போது சீதன வீட்டை வங்கியில் ஈடு வைத்து, 1 கோடியே 20 இலட்சம் ரூபா கடன் எடுத்து, நிலாவெளிக் கடற்கரையோரம் ஒரு வீடு வாங்கிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட எண்ணுகிறேன். இரவுக்கு 12,000 என்றால் மாதம் 360,000. அந்த வருமானத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு வீடாகச் சேர்த்துக்கொண்டே போகலாம் அல்லவா?
— வாசகர், உவர்மலை

பதில்: முடியாது. ஈட்டுப் பத்திரத்தில் இன்னும் கையொப்பமிடவில்லை என்றால், தயவுசெய்து இடாதீர்கள்.

உங்கள் கணக்கில் மாதத்துக்கு முப்பது இரவு, ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம். நிலாவெளியில் அப்படி ஓர் ஆண்டு இல்லை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில்தான் அங்கே கடல் அமைதியாக இருக்கும், புறாத்தீவுக்குப் படகு போகும், அறைகள் நிரம்பும். வைகாசியில் இருந்து புரட்டாசி வரை, ஐந்து மாதம். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை கடல் கொந்தளிக்கும். மார்கழி மாதத்து இரவொன்றில் அந்த வீதி வழியே போய், எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். தரகர் உங்களை ஆடியில் அழைத்துப் போயிருப்பார்.

பருவத்தின் 150 இரவுகளில் பாதி நிரம்பும் என்று வைப்போம். மற்றைய ஏழு மாதங்களிலும், பாடசாலை விடுமுறை, நீண்ட வார இறுதி என்று 25 இரவுகளைச் சேர்ப்போம். ஆக 100 இரவு, 12 இலட்சம் ரூபா. கடனுக்கு 12 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டுமே ஆண்டுக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம், அதாவது மாதம் 120,000. கடனின் முதல் தொகையில் ஒரு சதம்கூடக் குறையாத நிலையிலேயே, உங்கள் மூன்று வீட்டு வாடகையையும் விழுங்கிவிட்டு இன்னும் 5,000 கேட்கும் தொகை அது. முன்பதிவுத் தளங்களின் தரகுப் பணம், காவலாளி சம்பளம், மின்கட்டணம், சலவை எதையும் நான் இன்னும் தொடவில்லை.

இதுவும் நல்ல ஆண்டின் கணக்கு. 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஆண்டு விமான நிலையங்கள் மூடப்பட்டன. 2021 இல் வந்தவர்கள் 2 இலட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களுக்குத் தவணை ஏறியது. வரவு மட்டும் ஏறவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் தாங்கி நின்றவர்கள் கடன் குறைவாக வைத்திருந்தவர்கள்.

இனி அந்தச் சீதன வீடு. கடிதம் முழுவதும் தேடினேன். உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவருடைய தாய் தகப்பன், அவர் எந்த நாளிலும் கூரையின்றி நிற்கக் கூடாது என்று கொடுத்த வீடு அது. அவரையும் கடனாளியாகச் சேர்த்து வங்கி கையொப்பம் வாங்கினால், தவணை தவறும்போது நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிக்கு அதிகாரம் தருகிறது. பத்திரிகைகள் பராட்டே என்று எழுதுவது இதைத்தான். உங்களுடைய ஆசைக்கு அவருடைய வீடு பிணையாகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கடற்கரை வீட்டின் இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. உப்புக்காற்று கொங்கிறீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருத்துப் பூச்சை வெடிக்க வைக்கும். தளத்தின் அடிப்பக்கத்தில் பழுப்புக் கறையோடு கீறல் தெரிந்தால் அது வெள்ளையடித்து மறைக்கும் வேலை இல்லை. காணி தனியாருக்கு உரித்தான உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்றும் நீங்கள் எழுதவில்லை. அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. கடலில் இருந்து 300 மீற்றருக்குள் கட்டடம் கட்டவோ பெருப்பிக்கவோ கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

குடியிருப்பவர்களை அடிக்கடி மாற்றுவதாக எழுதியதுதான் என்னை அதிகம் உறுத்தியது. ஒரு குடும்பம் போய் அடுத்தது வருவதற்குள் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். தரகருக்கு ஒரு மாத வாடகை. பூச்சுக்கும் குழாய்க்கும் இன்னொரு மாதம். 35,000 ரூபா வீட்டை 38,000 ஆக்க 105,000 இழக்கிறீர்கள். அதை மீட்க 35 மாதம் வேண்டும். நீங்களோ அதற்குள் மறுபடியும் மாற்றிவிடுவீர்கள். வெளியேறுகிறவர்களுக்கு ஆகும் செலவையும் எண்ணுங்கள்: பிள்ளையின் பாடசாலைத் தூரம் மாறுகிறது, முற்பணத்துக்கு நகை அடகுக்குப் போகிறது. ஐந்து ஆண்டு இருந்து, ஒழுகும் குழாயைத் தானே திருத்திவிட்டுச் சொல்லும் குடும்பத்தை 3,000 ரூபாவுக்காக இழக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை இவ்வளவு கூடும் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840 முதல் இருக்கும் சட்டம். வாய்ப்பேச்சை நம்பி யாரும் நிற்க வேண்டாம்.

வீடுகளைப் பெருக்கும் ஆசை தவறில்லை. உங்களிடம் இருக்கும் இடத்தில் இருந்தே அதைத் தொடங்கலாம். வாடகைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திறந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று மாத வாடகையைத் திருத்த வேலைக்கென ஒதுக்குங்கள். அது நிரம்பிய பிறகு சேர்வதுதான் உங்கள் முதல். உங்கள் பெயரில் உள்ள வீடுகளில் ஒன்றின் பின்வளவில் இடம் இருந்தால், கட்டட அனுமதி பெற்று, தனி வாசலும் தனி மின்மானியும் வைத்து ஒரு சிறிய அனெக்ஸ் கட்டுங்கள். வைத்தியசாலைத் தாதியர், வங்கி ஊழியர், இடமாற்றத்தில் வரும் ஆசிரியர்கள் எல்லோரும் மழைக்காலத்திலும் இந்த நகரில்தான் உறங்குகிறார்கள். அறைக்குள் வெளிச்சம் வர இரண்டு யன்னல் வையுங்கள். கிணற்று நீர் கோடையில் உவர்க்கிறதா என்று கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.