எத்தனை காப்பி போனால் கிளாசிக்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தர்மபுரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். அமெரிக்க ராப் பாடகர் நாஸ் பாடிய ‘இல்மேட்டிக்’ ஆல்பம் ஹிப் ஹாப்பில் ஒரு கிளாசிக் என்று நான் சொன்னால், என் அறை நண்பன் ஒத்துக்கொள்வதில்லை. ‘அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடத்தைத் தாண்டாத ஆல்பம் என்ன கிளாசிக்? கோடி காப்பி விற்றதைச் சொல்லு’ என்கிறான். அவன் வீட்டில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார்கள். ‘மண்டியில் எது அதிகம் போகுதோ அதுதான் சரக்கு’ என்று வாயை அடைத்துவிடுகிறான். நீங்கள் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். நீங்களே சொல்லுங்கள் அண்ணா.
– கல்லூரி மாணவர், தர்மபுரி

பதில்: மண்டியிலிருந்தே வருவோம் தம்பி. எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் லாரி லாரியாக ஏறுவது பெங்களூரா மாங்காய். கூழ் தொழிற்சாலைகளுக்கு அதுதான் வேண்டும். விவசாயி கையில் காசு பார்ப்பதும் பெரும்பாலும் அதனால்தான். ஆனால் சீசனில் உங்கள் நண்பர் வீட்டிலிருந்து சொந்தக்காரர்களுக்குப் போகும் கூடையில் என்ன பழம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இமாம் பசந்தோ மல்கோவாவோ இருக்கும். எது அதிகம் போகிறது என்பது ஒரு கேள்வி, எது நல்ல பழம் என்பது வேறு கேள்வி. மண்டிக்காரர் வீட்டுக்கே இது தெரியும்.

இப்போது ஆல்பத்துக்கு வருகிறேன். ‘இல்மேட்டிக்’ 1994 ஏப்ரலில் வந்தது. நாஸுக்கு அப்போது 20 வயது. நியூயார்க்கில் குவீன்ஸ்பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்த பையன். ஆல்பம் மொத்தமும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வந்த கையோடு ‘தி சோர்ஸ்’ என்ற ஹிப் ஹாப் பத்திரிகை அதற்கு ஐந்து மைக் கொடுத்தது. அந்தப் பத்திரிகை தருகிற உச்ச மதிப்பெண் அது. 5 லட்சம் காப்பிக்கான தங்கச் சான்றிதழ் 1996-இல்தான் வந்தது. 10 லட்சத்துக்கான பிளாட்டினம் 2001 கடைசியில். அதாவது கேட்டவர்கள் முதல் வருடமே முடிவு செய்துவிட்டார்கள். விற்பனை மெதுவாகப் பின்னால் வந்து சேர்ந்தது.

ஏன் அப்படி முடிவு செய்தார்கள்? அதில் ஒரு பாட்டு சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதமாகவே போகும். வெளியே யார் எப்படி இருக்கிறார்கள், தெருவில் என்ன நடந்தது என்று ஊர்ச் சேதி சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போவார். அந்தக் குடியிருப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டால் அதன் மாடிப்படி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். இன்னொரு பாட்டின் முடிவில் அவருடைய அப்பா ஒலு தாரா, டிரம்பெட் போன்ற கார்னெட் என்ற ஊதுகருவியை வாசிக்கிறார். அவர் ஜாஸ் கலைஞர். இசையமைப்பிலும் அந்த ஆல்பம் வழி காட்டியது. டி.ஜே. பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் ப்ரொஃபசர், எல்.ஈ.எஸ். என்று, ராப்புக்கு இசை அமைத்துத் தரும் பல தயாரிப்பாளர்கள் ஒரே ஆல்பத்தில் சேர்ந்தார்கள். பின்னால் ஹிப் ஹாப்பில் அதுவே வழக்கமாகிப் போனது.

உங்கள் நண்பர் கேட்கிற கோடி கணக்குக்கும் ஆள் இருக்கிறார். ராப் பாடகர் எம்.சி. ஹேமரின் 1990 ஆல்பம் பில்போர்டில் 21 வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் ஒரு கோடி காப்பிக்கான வைரச் சான்றிதழ் பெற்ற முதல் ஹிப் ஹாப் ஆல்பம் அதுதான். அதை அடுத்து வனிலா ஐஸ் என்ற ராப் பாடகரின் ஆல்பம் 16 வாரம் முதலிடம். இரண்டும் ஹிப் ஹாப்பை உலகம் முழுக்கக் கொண்டுபோனது உண்மை, அந்த மரியாதையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் இன்று பேனாவும் கையுமாக ராப் எழுத உட்காரும் ஒரு பையன் அந்த ஆல்பங்களிலா பாடம் படிக்கிறான்?

என் கடையில் இதை நேராகவே பார்த்தேன். பழையபேட்டையில் சின்னக் கடை. ஹேமர் கேட்டு வந்தவர்கள் ஒரு பாட்டைத்தான் கேட்பார்கள், கல்யாண வீட்டுக்குப் போடும் கலவைக் கேசட்டில் நடுவே சேர்ப்பதற்கு. ‘இல்மேட்டிக்’ ஓசூரில் வேலை பார்த்த ஒருவர் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த கேசட்டாக என்னிடம் வந்தது. அதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஏ பக்கம், பி பக்கம் வரிசை மாறாமல் முழுசாகப் பதியச் சொன்னார்கள். டேப் தேய்ந்ததும் திரும்ப வந்து மறுபடி பதியச் சொன்னார்கள். இந்தப் பதிவுகளில் ஒன்றுகூட நாஸின் விற்பனைக் கணக்கில் ஏறியிருக்காது. அமெரிக்காவிலேயே அந்த ஆல்பம் வெளிவரும் முன்பே திருட்டு கேசட்டாகப் பரவிவிட்டது.

எண்ணுகிற முறையும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1991 மே வரைக்கும் பில்போர்டு பட்டியல், கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொன்னதை நம்பித்தான் தயாரானது. கல்லாவில் பார்கோடு வாசித்து எண்ணத் தொடங்கிய அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு முதலிடத்துக்கு வந்தது. அந்த ஒரு மாதத்தில் ராப் ரசிகர்கள் திடீரென்று பெருகிவிடவில்லை, முன்பு கணக்கில் வராதவர்கள் கணக்கில் வந்தார்கள். அப்புறம், 100 நிமிடத்துக்கு மேல் ஓடும் இரட்டை ஆல்பம் ஒன்று போனால் சான்றிதழுக்கு இரண்டாக எண்ணுவார்கள். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் எண்ணை வைத்து 1990-இல் வந்ததையும் 2004-இல் வந்ததையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: அப்படியானால் நிறைய விற்றதெல்லாம் மட்டமா?
– வாசகி, ஓசூர்

பதில்: இல்லை அம்மா. பாடகி லாரின் ஹில்லின் 1998 ஆல்பம் முதல் வாரமே 4 லட்சத்துக்கு மேல் விற்றது. மறு வருடம் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் ஆனது. ஹிப் ஹாப்புக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. அதை நான் ‘இல்மேட்டிக்’ பக்கத்திலேயே வைப்பேன். அது ஒரு காப்பி விற்றிருந்தாலும் அங்கேதான் வைப்பேன்.

எதிர்ப்பக்கம் பார்த்தால் 2004-இல் வந்த ‘மேட்வில்லனி’ இருக்கிறது. முகமூடி அணிந்து பாடிய எம்.எஃப். டூமும் தயாரிப்பாளர் மேட்லிபும் சேர்ந்து செய்தது. வந்தபோது பில்போர்டில் 179-ஐத் தாண்டவில்லை. இன்று அதைக் கேட்காத ராப் கலைஞர் அபூர்வம். ஆனால் குறைவாக விற்றது என்பதே ஒரு தகுதி ஆகிவிடாது. யாரும் சீண்டாத ஆல்பங்களில் நிறைய, சீண்டத் தேவையில்லாதவைதான்.

கேள்வி: இப்போது யூடியூப், ஸ்பாட்டிஃபை எண்ணிக்கை துல்லியமாக வருகிறதே, அதை நம்பலாமா?
– பாலக்கோட்டிலிருந்து

பதில்: எண்ணிக்கையாக நம்பலாம். 2016 முதல் அமெரிக்காவில் ஒரு ஆல்பத்தின் பாட்டுகளை 1,500 தடவை ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் சான்றிதழுக்கு ஒரு ஆல்பம் விற்றதாகக் கணக்கு. ஆனால் டி லா சோல் குழுவின் 1989 ஆல்பம், சாம்பிள் (பிறர் பாட்டிலிருந்து எடுத்துச் சேர்த்த துண்டு) உரிமைச் சிக்கலால் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்கிலேயே இல்லை. அதுவரை அதன் எண்ணிக்கை பூஜ்யம். அந்த ஆல்பத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவாகச் சேர்த்து அப்போதே பல வருடம் ஆகியிருந்தது.

கேள்வி: தமிழில் ஹிப் ஹாப் கிளாசிக் உண்டா?
– ஊத்தங்கரை வாசகர்

பதில்: உண்டு. யோகி பி & நட்சத்ரா மலேசியாவிலிருந்து 2006-இல் கொண்டுவந்த ‘வல்லவன்’. இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து அவர்கள் செய்ததைக் கேட்ட பிறகுதான், தமிழ் ராப் என்றால் சினிமாப் பாட்டுக்கு நடுவே வரும் நாலு வரி வேடிக்கை இல்லை என்று எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பட்டது. அது நம் பக்கம் பரவியது எம்பி3 சிடியிலும் செல்போன் கடைகளில் ஏற்றிக்கொடுத்த மெமரி கார்டிலும்தான். அந்தக் கணக்கை எங்கே போய்த் தேடுவது?

ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019-இல் செய்த ‘தெருக்குரல்’ அடுத்த இடத்துக்கு வரும் என்பது என் எண்ணம். முதல் பாட்டிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேளுங்கள், ஷஃபிள் வேண்டாம். கேட்டுவிட்டு எழுதுங்கள்.