ரௌட்டர் பெட்டியில் '5ஜி' என்று போட்டிருந்தால் உடனே வாங்கிவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: வீட்டில் 50 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் இருக்கிறது. முன்னறைக் கணினியில் எதையாவது டவுன்லோட் செய்தால் 6-க்கு மேல் காட்டுவதில்லை. பின்பக்க அறையில் அம்மா வாட்ஸ்அப்பில் வீடியோ பேசினால் படம் நின்று நின்று வருகிறது. ஏஜெண்ட் ஒருவர் வந்து 200 லைனுக்கு மாறுங்கள், '5ஜி ரௌட்டர்' வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா ஐயா?

வேண்டாம் அம்மா. அவர் கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் அந்த 6. லைனை விற்பவர்கள் மெகாபிட்டில் (எம்பிபிஎஸ் என்பது அதுதான்) விற்கிறார்கள், உங்கள் கணினி மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 50-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள், 6.25 வரும். ஆக, உங்களுக்கு லைன் முழுசாகத்தான் வருகிறது. இதை விளம்பரத்திலேயே ஒரு வரி போட்டுத் தொலைத்தால் எத்தனை பேருடைய சந்தேகம் தீரும்! போட மாட்டார்கள்.

சரி, முன்னறைக்கு ஒழுங்காக வருவது பின்னறைக்குப் போகவில்லை என்றால் கோளாறு லைனில் இல்லை, நடுவில் இருக்கிற வைஃபையில். அங்கே 200 போட்டாலும் அம்மாவுக்குப் படம் நிற்கத்தான் செய்யும். வீடியோவில் பேசுவதற்கு ஓரிரண்டு மெகாபிட் போதும்.

அந்த '5ஜி' பேச்சுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. மொபைல் டவர் 5ஜியில் ஜி என்றால் தலைமுறை. ரௌட்டர் பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது துவண்டுவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபையும் அதிலேயே கூட்டமாக ஓடும். அந்த 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல், அதாவது தனிப்பாதை, 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரே சுவரைப் பங்குபோடும் சாட்ஸ்வர்த் வீடுகளில் கேட்கவே வேண்டாம். இரண்டு சுவருக்கு அப்பால் இருக்கும் அம்மாவுக்கு 5-ஐ மட்டும் நம்பச் சொல்வது உதவி ஆகாது.

ரௌட்டரை இரும்பு அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்து மேலே வையுங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் பின்னறை வரைக்கும் ஒரு கேபிள் இழுத்து, முனையில் பழைய ரௌட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது அந்த அறைக்கு வைஃபை கொடுக்கும் பெட்டியாகப் போடச் சொல்லுங்கள். 100 மீட்டர் வரை கேபிளில் தாராளமாகப் போகும். வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் மலிவு ரிப்பீட்டர் வேண்டாம். கேட்பதும் திருப்பிச் சொல்வதும் ஒரே சேனலில் என்பதால் வேகம் பாதியாகிவிடும்.

கேபிளில் ஒரு விஷயத்தை மட்டும் நின்று பாருங்கள். உள்ளே 8 கம்பி இருக்கும், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் வரைக்கும் இரண்டு ஜோடியே போதும், அதற்கு மேல் போக நான்கும் வேண்டும். நம் டர்பன் ஃபீனிக்ஸில் ஒரு வீட்டில் 200-க்குக் காசு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் 94-க்கு மேல் பார்க்கவில்லை. நான் போய்ப் பார்த்தால், சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவில் இரண்டு சாண் கேபிள், அதன் பிளக்கில் பழுப்பு ஜோடி உள்ளே ஏறாமல் வெளியே மடங்கிக் கிடந்தது. புது பிளக் அடித்ததும் சரியாகிவிட்டது. ரௌட்டரே பழசாக இருந்து அதன் போர்ட் (கேபிள் செருகும் இடம்) 100-தான் என்றாலும் இதே கதைதான். உங்கள் 50-க்கு இது தடையில்லை. ஆனாலும் நாளைக்கு யாராவது 200-ஐத் தலையில் கட்ட வந்தால், போர்ட் எவ்வளவு, கேபிளில் 8 கம்பியும் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரை உள்ளே விடாதீர்கள்.

அப்புறம், என்றைக்காவது ரௌட்டரில் கேபிள் குத்திப் பார்த்தும் அந்த 6 வரவில்லை என்றால், அப்போது லைன் பிரச்சினை. இந்த நாட்டில் ஃபைபர் போட்டவர் ஒருவர், இணையம் விற்பவர் இன்னொருவர். போன் செய்தால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். நீங்கள் மாதாமாதம் யாருக்குப் பணம் கட்டுகிறீர்களோ அவரை மட்டும் பிடியுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து ரெஃபரன்ஸ் நம்பரை வாங்கி வையுங்கள். அது இல்லாமல் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான இக்காசாவிடம் (ICASA) போனால், முதலில் கம்பெனியிடம் கேட்டு வாருங்கள் என்றுதான் சொல்வார்கள்.