டப்பாவத் திருப்பி பின்பக்கம் பாருங்க

கேள்வி: அக்கா, என்கிட்ட முன்னாடி பெருசா ஹயலூரானிக் ஆசிட்னு போட்ட சீரம் ஒண்ணு இருக்கு, அப்புறம் கிளிசரின் போட்ட சாதாரண மாய்ஸ்சரைசர் ஒண்ணு. சீரம் போட்டா அரை மணி நேரத்துல முகம் இழுத்துப் பிடிக்குது. ரெண்டுல எது நல்லது? டப்பா பின்னாடி என்னென்ன சேர்த்திருக்குன்னு போட்ட லிஸ்ட்ட வச்சு எப்படி கண்டுபிடிக்கறது?

பதில்: ரெண்டும் ஒரே வேலையத்தான் செய்யுதும்மா, தண்ணிய இழுத்துப் பிடிச்சு வைக்கிற வேலை. ஹயலூரானிக் ஆசிட் பெரிய மூலக்கூறு, பெரும்பாலும் தோலுக்கு மேலயே நிக்கும், கிளிசரின் குட்டி, அதனால மேல் அடுக்குக்குள்ள நல்லா இறங்கும். பேரு சாதாரணமா இருக்குறதால கிளிசரினை யாரும் மதிக்கறதில்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். உங்க முகம் இழுக்குறது ஏன்னா சீரம்ல முக்கால்வாசி தண்ணி, மேல மூடி வைக்க எதுவும் இல்லாததால அது காத்துல போயிடுது. முகம் கழுவி ஈரம் இருக்கும்போதே சீரம் போட்டு, உடனே அதுக்கு மேல அந்த மாய்ஸ்சரைசரை போட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும்தான் வாங்க முடியும்னா நான் மாய்ஸ்சரைசர்தான் சொல்லுவேன்.

லிஸ்ட் விஷயம். எது அதிகமோ அது முதல்ல வரும், ஆனா 1%க்கு கீழ இருக்குறத எந்த வரிசையில வேணா எழுதலாம், இங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். ஃபீனாக்ஸிஎத்தனால்னு ஒரு பேரு நிறைய டப்பால இருக்கும், கெட்டுப்போகாம இருக்க போடறது, ஐரோப்பிய சட்டப்படி அது 1%க்கு மேல போடக்கூடாது, அதனால அதுக்கு அப்புறம் வர்ற பூ சாறு, பழச் சாறு எல்லாம் துளியூண்டுதான்னு வச்சுக்கலாம். அதுக்காக கடைசில இருக்குறது எல்லாம் வேஸ்ட்னும் சொல்லிட முடியாது, ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) 0.3% இருந்தாலே வேலை செய்யும், ஹயலூரானிக்கும் (லிஸ்ட்ல சோடியம் ஹயலூரோனேட்னு இருக்கும்) 1% போட்டாலே ஜெல்லு மாதிரி கெட்டியாயிடும். கிளிசரின் மட்டும் ரெண்டாவது மூணாவது இடத்துல இருக்கான்னு பாருங்க.

கேள்வி: ஆயில் ஸ்கின், மூக்குல கரும்புள்ளி. சாலிசிலிக் ஆசிடா, கிளைகோலிக் ஆசிடா? கூடவே 10% நியாசினமைடும் போடலாமா?

பதில்: கரும்புள்ளிக்கு சாலிசிலிக். அது எண்ணெயில கரையும், அதனால எண்ணெய் அடைச்ச துவாரத்துக்குள்ளயே போகும். கிளைகோலிக் தண்ணில கரையறது, மேல் தோலை உரிச்சு பொலிவு குடுக்கும், ஆனா வெயில் சீக்கிரம் தாக்கும், எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் இல்லாம அதைத் தொடவே வேணாம். ரெண்டையும் ஒரே ராத்திரில போடாதீங்க ப்ளீஸ், எரிச்சல் வந்து முகம் சிவந்து போனவங்க எனக்கு நிறைய எழுதறாங்க. 2% சாலிசிலிக், வாரத்துல ரெண்டு மூணு ராத்திரி, ஆரம்பத்துக்கு அது போதும். நியாசினமைடு போடலாம், அது வைட்டமின் பி3தான், ஆனா ஆராய்ச்சில 4, 5 பர்சன்ட்லயே பலன் பாத்திருக்காங்க, 10% சிலருக்கு சுருக்குனு இருக்கும். பருவுக்குப் போடற பென்சாயில் பெராக்சைடும் அப்படித்தான், 2.5%, 10% ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு பருவைக் குறைக்குது, எரிச்சல் மட்டும் 10%ல அதிகம்.

கேள்வி: இப்பதான் கர்ப்பம்னு தெரிஞ்சுது, ஒரு மாசமா ரெட்டினால் சீரம் போட்டுட்டு இருந்தேன். பயமா இருக்கு.

பதில்: இன்னைக்கே நிறுத்திடுங்கம்மா. ரெட்டினைல் பால்மிட்டேட், ரெட்டினால்டிஹைடு, அடாபலீன், ட்ரெட்டினாயின்னு எந்தப் பேருல இருந்தாலும் அதே குடும்பம்தான், குழந்தை பொறக்குற வரைக்கும் வேணாம். பருவுக்கு ஏதாவது வேணும்னா அசெலாயிக் ஆசிட் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, கர்ப்ப காலத்துல பொதுவா அதைத்தான் சொல்றாங்க. இதுவரைக்கும் போட்டதை நினைச்சு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க, மேல பூசறதுல ரத்தத்துல கலக்கறது ரொம்பக் கம்மி, ஆனா அடுத்த செக்கப்ல மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அந்த டப்பாவையும் கையில எடுத்துட்டுப் போங்க.