ரத்து பொத்தானை நீங்கள் தொடாதீர்கள்

கேள்வி: எழுபது வயதான என் தாயாரை மாதம் இரண்டு முறை வேளச்சேரியிலிருந்து எழும்பூரில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். செயலியில் கார் பதிவு செய்த இரண்டாவது நிமிடம் ஓட்டுநர் அழைப்பார். "எங்கே போக வேண்டும்? ரொக்கமா, ஆன்லைனா?" என்பார். ஆன்லைன் என்றால், "நீங்களே ரத்து செய்துவிடுங்கள்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிடுவார். சென்ற முறை ரத்து செய்தேன். அடுத்த பயணத்தில் 50 ரூபாய் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். வர மறுத்தது அவர், தண்டம் கட்டுவது நானா?

பதில்: கட்ட வேண்டியதில்லை. ஆனால் ரத்து பொத்தானை அழுத்திய விரல் உங்களுடையது என்பதுதான் சிக்கல். செயலிக்கு நடந்த உரையாடல் தெரியாது. யார் ரத்து செய்தார் என்பது மட்டுமே தெரியும். ஓட்டுநர் அடிக்கடி ரத்து செய்தால் அவருடைய கணக்கில் அது கரும்புள்ளியாக விழும், ஊக்கத்தொகை போகும். அதனால்தான் அந்த வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார்.

எனவே அடுத்த முறை தொலைபேசியில் வாதாடாதீர்கள். செயலியின் செய்திப் பெட்டியில், "ஆன்லைனில்தான் செலுத்துவேன், வருகிறீர்களா?" என்று எழுதிக் கேளுங்கள். வர முடியாது என்று அவர் எழுதினாலும், பதிலே தராமல் வண்டியை நகர்த்தாமல் நின்றாலும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். பயண எண், வண்டி எண், நேரம் மூன்றும் படத்தில் தெரிய வேண்டும். பிறகு அவரே ரத்து செய்யட்டும் என்று ஐந்து நிமிடம் பொறுங்கள். அவசரமென்றால் நீங்கள் ரத்து செய்யலாம். அப்போது காரணப் பட்டியலில் 'ஓட்டுநர் ரத்து செய்யச் சொன்னார்' என்பது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். 'திட்டம் மாறிவிட்டது' என்பதைக் கை தவறி அழுத்திவிட்டால் வழக்கு உங்கள் பக்கம் நிற்காது.

பிடித்த 50 ரூபாயைத் திரும்பப் பெற முதலில் செயலியின் உதவிப் பகுதியில் புகார் எழுதுங்கள். நழுவலான பதில் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். 2022 மே மாதத்திலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, ஊபர் இரண்டுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. ரத்துக் கட்டணம், ரொக்கம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் எல்லாம் அதில் இருந்தன. 2024 அக்டோபரில், திருப்பித் தரும் பணத்தை வங்கிக் கணக்கில் பெறுவதா, கூப்பனாகப் பெறுவதா என்ற தேர்வைப் பயணிக்கே கொடுக்க வேண்டும் என்று ஓலாவுக்கு அதே ஆணையம் உத்தரவிட்டது. ஆகவே கூப்பனை நீட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று எண்ணாதீர்கள்.

வர மறுப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்திலும் தண்டனை உண்டு: பிரிவு 178(3). காருக்கு 500 ரூபாய் வரை அபராதம். ஆட்டோவுக்கு 50 ரூபாய் வரைதான். உங்களிடம் பிடித்த அதே தொகை! இதை நம்பி யாரும் போக்குவரத்துக் காவலரைத் தேடி அலைவதில்லை. மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட புதிய வழிகாட்டுதல், தக்க காரணமின்றி ரத்து செய்பவர் ஓட்டுநரானாலும் பயணியானாலும் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் தண்டம் கட்ட வேண்டும் என்கிறது. வழிகாட்டுதல்தான், மாநில அரசு தன் விதியில் சேர்த்தால்தான் கட்டாயமாகும்.

ஓட்டுநர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆன்லைன் பணம் முதலில் நிறுவனத்துக்குப் போய், கமிஷன் கழிந்து, பிறகே அவர் கைக்கு வருகிறது. மாலையில் எரிவாயு நிரப்பக் கையில் காசு வேண்டும். எழும்பூர் நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் பயமும் உண்டு. இதெல்லாம் நியாயமான குறைதான். ஆனால் அதை நிறுவனத்திடம் கேட்க வேண்டுமே தவிர, முழங்கால் வலியோடு வாசலில் நிற்கும் மூதாட்டியிடம் அல்ல.

கமிஷனுக்குப் பதிலாக ஓட்டுநரிடம் நாள் கட்டணம் மட்டும் வாங்கும் செயலிகளும் இப்போது உள்ளன. அவற்றில் கட்டணத்தை நேரே ஓட்டுநருக்கே ரொக்கமாகவோ யுபிஐ மூலமாகவோ கொடுக்கிறோம். ஆகவே இந்த ரொக்கத் தகராறு குறைவு. பதிலுக்கு, கூடுதலாகக் கேட்டுத் தகராறு வந்தால் பணத்தைத் திருப்பித் தர நிறுவனத்தின் கையில் எதுவும் இருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுதான் உண்மையில் ஆபத்து. சில ஓட்டுநர்கள் வாசலுக்கே வந்து, "ரத்து செய்துவிடுங்கள், அதே தொகைக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்தான கணமே அந்தப் பயணம் செயலியின் கணக்கில் இல்லை. வழித்தடப் பதிவு இல்லை, விபத்து நேர்ந்தாலோ பை தொலைந்தாலோ நிறுவனம் கைவிரித்துவிடும். திரையில் காட்டிய எண்ணும் வண்டியின் எண்ணும் வேறாக இருந்தாலும் ஏறாதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள்.

இனி உங்கள் எழும்பூர் பயணம். ஒவ்வொரு முறையும் போகும்போது ஒரு வண்டி, வரும்போது ஒரு வண்டி என்று பிடிப்பதைவிட, மணிக்கணக்கு வாடகையில் எடுத்துப் பாருங்கள். செயலிகளிலும் கால் டாக்சிகளிலும் 4 மணி நேரம், 40 கிலோமீட்டர் போன்ற தொகுப்புகள் கிடைக்கின்றன. காத்திருக்கும் நேரத்துக்கும் காசு உண்டு என்பதால் ஓட்டுநர் மறுப்பது குறைவு, அம்மாவும் திரும்பும்போது வெயிலில் நிற்க வேண்டாம். முதல் நாளே பேசி, சுங்கக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம் யாருடையது என்று கேட்டுவிடுங்கள். ஏறியதும் கிலோமீட்டர் எண்ணை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.